புதிய கணினித் தளத்துக்கு முதல் கம்பைலர்: சக்தி நுண்செயலியை முன்வைத்து ஒரு வரலாறு

கம்பைலர் என்பது மனிதர் எழுதும் நிரலைக் கணினியின் பொறிமொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள். தமிழில் இதனைத் தொகுப்பி என்றும் வழங்குவர். புதிதாக ஒரு நுண்செயலியோ இயங்குதளமோ உருவாகும்போது, அதற்கென ஒரு கம்பைலர் இருந்தால்தான் மற்ற மென்பொருள்கள் அதில் ஓடும். ஆனால் கம்பைலரும் ஒரு மென்பொருள்தான். அதையும் ஏதோ ஒரு கம்பைலர் பொறிமொழிக்கு மாற்றித் தந்தாக வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்கும் முறைக்குப் பூட்ஸ்ட்ராப்பிங் என்று பெயர். காலணியின் பின்புற வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வது என்ற ஆங்கில வேடிக்கைப் பேச்சிலிருந்து வந்த சொல் இது. கணினியைத் தொடங்குவதற்கு ‘பூட்’ செய்தல் என்று சொல்வதும் இதன் சுருக்கமே.

சில்லு வந்தது, மென்பொருள் எங்கிருந்து வந்தது?

2018 ஆம் ஆண்டின் நடுவில் சென்னை ஐஐடியிலிருந்து ஒரு செய்தி வெளியாயிற்று. அங்குள்ள கணினி அறிவியல் துறையின் ‘ரைஸ்’ ஆய்வுக் குழு வடிவமைத்த சக்தி வகை நுண்செயலி ஒன்று, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் சில்லாக உருப்பெற்று வந்திருந்தது. ரைஸ்கிரீக் என்று பெயரிடப்பட்ட அந்தச் சில்லில் லினக்ஸ் இயங்குதளம் ஓடியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ரிமோ என்ற இன்னொரு சில்லு, சண்டிகரை ஒட்டிய மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரானது. வடிவமைப்பு மட்டுமன்றி உற்பத்தியும் இந்தியாவிலேயே நடந்ததால் அது கூடுதல் பெருமையோடு பேசப்பட்டது. பேராசிரியர் வி. காமகோடியின் தலைமையில் 2014 அளவில் தொடங்கிய முயற்சி இது.

நாளிதழ்கள் சில்லைப் பற்றி எழுதின. அதில் ஓடிய லினக்ஸைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டன. லினக்ஸின் மூலநிரல் பெரும்பாலும் சி மொழியில், ஒரு கோடி வரிகளுக்கு மேல் எழுதப்பட்டது. சக்தி நுண்செயலிக்குச் சி மொழி தெரியாது. எந்த நுண்செயலிக்கும் தெரியாது. அப்படியானால் அந்தக் கோடி வரிகளைச் சக்திக்குப் புரியும் பொறிமொழிக்கு மாற்றிக் கொடுத்தது எது? சக்தியே மாற்றிக்கொண்டிருக்க முடியாது. பிறந்த குழந்தை தன் தொட்டிலைத் தானே செய்ய இயலாது. மாற்றியது இன்டெல் வகை நுண்செயலி கொண்ட, எல்லோர் மேசையிலும் இருப்பது போன்ற, ஒரு சாதாரணக் கணினி. அதில் ஓடிய ஜிசிசி என்னும் கட்டற்ற கம்பைலர், தான் ஓடும் கணினிக்கான பொறிமொழியைத் தராமல், இன்னும் கையில் கிடைக்காத வேறொரு கணினிக்கான பொறிமொழியைத் தந்தது. இவ்வாறு ஓரிடத்தில் ஓடி வேறிடத்துக்கு நிரல் தரும் கம்பைலர் கிராஸ் கம்பைலர் எனப்படும்.

குன்னூர், வெலிங்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தேர்ந்த தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள சிறு துண்டை வெட்டி, நிழற்பந்தலின் கீழ் பாலித்தீன் பையில் நட்டு வேர்பிடிக்க வைப்பார்கள். நாற்றங்காலில் மாதக்கணக்கில் வளர்ந்த பிறகுதான் அது மலைச்சரிவுக்குப் போகும். சரிவில் வேரூன்றிப் புதராகிவிட்டால், அடுத்த துண்டை அதிலிருந்தே வெட்டலாம். கிராஸ் கம்பைலர் என்பது அந்த நாற்றங்கால். புதிய கணினி தன் கம்பைலரைத் தானே தொகுத்துக்கொள்ளும் நாள், செடி சரிவில் வேரூன்றிய நாள்.

உறை மோர்

இந்த வழக்கம் சக்தியோடு தொடங்கியதன்று. கணினியின் முதல் இருபது ஆண்டுகளிலேயே இது வந்துவிட்டது. பாலைத் தயிராக்க முதல் நாள் தயிரில் ஒரு கரண்டி வேண்டும். உறைக்கு மோர் இல்லாத வீடு, அடுத்த வீட்டில் கேட்டு வாங்கும். முதல் தயிர் எப்படி உறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. கம்பைலர் விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்விக்கு விடை எழுத்தில் இருக்கிறது.

1962 இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் டிம் ஹார்ட், மைக் லெவின் என்ற இருவர் லிஸ்ப் மொழிக்கான கம்பைலரை லிஸ்ப் மொழியிலேயே எழுதினர. அதைத் தொகுக்க வேறு கம்பைலர் இல்லை. ஆனால் லிஸ்ப் நிரலை ஒவ்வொரு வரியாகப் படித்து அப்போதைக்கப்போது நிறைவேற்றும் இன்டர்பிரெட்டர் ஏற்கெனவே இருந்தது. அந்த இன்டர்பிரெட்டரின் மேல் கம்பைலரை மெதுவாக ஓடவிட்டு, அதன் கையில் அதன் மூலநிரலையே கொடுத்தார்கள். அது தன்னைத் தானே பொறிமொழிக்கு மாற்றிக்கொண்டது. தன்னைத் தானே தொகுத்துக்கொண்ட தொடக்ககாலக் கம்பைலர்களில் தெளிவாகப் பதிவான ஒன்று இது.

புதிய இயங்குதளம் ஒன்று இப்படி எழுந்து நின்ற கதைகளில், யுனிக்ஸின் கதையை விரிவாகவே சொல்ல வேண்டும். 1969 இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனுக்குக் கிடைத்தது யாரும் அதிகம் பயன்படுத்தாத பிடிபி-7 என்ற சிறிய கணினி. அதன் நினைவகம் 8 ஆயிரம் சொற்கள். ஒவ்வொரு சொல்லும் 18 பிட். அதில் மென்பொருள் எழுத உருப்படியான கருவி எதுவும் அவரிடம் இல்லை. எனவே ஜிஇ-635 என்ற பெரிய கணினியில் உட்கார்ந்து எழுதினார். அங்கிருந்த அசெம்பிளரை வளைத்து, பிடிபி-7 க்கான பொறிமொழியைக் காகித நாடாவில் துளைகளாகப் பதித்தார். அந்த நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு சிறிய கணினிக்கு நடந்தார். ஓட்டிப் பார்த்தார். பிழை இருந்தால் மீண்டும் பெரிய கணினிக்கு நடை.

யுனிக்ஸின் கருநிரல், ஒரு திருத்தி, ஓர் அசெம்பிளர், கட்டளைகளை வாங்கும் ஓர் எளிய ஷெல், கோப்புகளை நகலெடுக்கவும் அழிக்கவும் காட்டவும் சில சிறு கருவிகள் ஆகியவை தயாராகும் வரை இந்த நடை தொடர்ந்தது. அதன் பிறகு காகித நாடா தேவைப்படவில்லை. பிடிபி-7 க்கான நிரலைப் பிடிபி-7 இலேயே எழுதி, அங்கேயே பொறிமொழியாக்கி, அங்கேயே ஓட்டலாம். டென்னிஸ் ரிச்சி பின்னாளில் சி மொழியின் வரலாற்றை எழுதியபோது, அந்தக் கட்டத்தில்தான் இயங்குதளம் சொந்தக் காலில் நின்றது என்ற கருத்தில் இதனைக் குறித்துள்ளார். பட்டியலைக் கவனித்தால் ஒன்று புலப்படும்: சொந்தக் காலில் நிற்க அவ்வளவு பெரிய பரிவாரம் ஒன்றும் தேவைப்படவில்லை. எழுத ஒரு திருத்தி, மாற்ற ஓர் அசெம்பிளர், ஓட்ட ஒரு கருநிரல். மற்றவை அங்கிருந்தே பிறந்தன.

அடுத்த படி பி மொழி. தாம்சன் பி மொழிக்கான முதல் கம்பைலரை டிஎம்ஜி என்ற வேறொரு கருவியில் எழுதினார். அது ஓடத் தொடங்கியதும், அதே கம்பைலரைப் பி மொழியிலேயே திருப்பி எழுதினார். இங்கே நினைவகப் பஞ்சம் குறுக்கே வந்தது. மொழியில் ஒரு புதிய வசதியைச் சேர்த்தால் கம்பைலர் பெருத்து நினைவகத்தில் அடங்காமல் திணறும். உடனே அந்தப் புதிய வசதியையே பயன்படுத்திக் கம்பைலரை மீண்டும் எழுதுவார், அது இளைத்துவிடும். அடுத்த வசதி, மீண்டும் பெருக்கம், மீண்டும் இளைப்பு. பி மொழியிலிருந்து சி பிறந்தது. 1973 இல் யுனிக்ஸின் கருநிரல் சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. இன்று சென்னையில் சக்திக்காகத் தொகுக்கப்படும் ஒவ்வொரு நிரலும் இந்தக் கம்பைலர் மரபின் வழியில் வந்ததே.

லினக்ஸும் இதே பாதையில்தான் வந்தது. 1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பைத் தொகுக்க மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் தேவைப்பட்டது. கம்பைலர் அவருடையதன்று, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987 இல் வெளியிட்ட ஜிசிசி. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 0.11 பதிப்பில், லினக்ஸை லினக்ஸிலேயே தொகுக்க முடிந்தது. மினிக்ஸை அழித்துவிட்டு அந்த இடத்தை வேறு எதற்காவது பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற நிலை மூன்றே மாதங்களில் வந்தது.

ரிஸ்க்-ஃபைவ்: கட்டளைகள் பொதுச்சொத்து

சக்தி நுண்செயலி ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவது. கட்டளைத் தொகுதி என்பது நுண்செயலிக்குப் புரியும் அடிப்படை ஆணைகளின் அகராதி. இன்டெல்லின் அகராதி இன்டெல்லுக்குச் சொந்தம். ஆர்ம் நிறுவனத்தின் அகராதியைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் அகராதி 2010 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கிரஸ்டே அசனோவிச், டேவிட் பேட்டர்சன், மாணவர்கள் ஆண்ட்ரூ வாட்டர்மன், யுன்சுப் லீ ஆகியோரால் தொடங்கப்பட்டு, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விடப்பட்டது. அகராதி பொதுவானால் கம்பைலரும் பொதுவாகிறது. இதுதான் சென்னை ஐஐடிக்குக் கிடைத்த பெரிய கொடை. சக்திக்கென்று தனியாக ஒரு சி கம்பைலரை யாரும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கவில்லை.

இருந்தாலும் ‘கம்பைலர் இருக்கிறது’ என்ற ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை பேரின் எத்தனை ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. கம்பைலர் தனியாக வேலை செய்யாது. பொறிமொழியை அடுக்கும் அசெம்பிளர், துண்டுகளை ஒட்டும் லிங்கர், எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் சி நூலகம், இயங்குதளத்தின் கருநிரல் ஆகியவை சேர்ந்த குடும்பம் அது. இந்தக் குடும்பத்துக்கே கருவித்தொடர் என்று பெயர். அசெம்பிளரும் லிங்கரும் உள்ள பின்யூட்டில்ஸ் தொகுப்பில் ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு 2017 மார்ச்சில் வந்தது. ஜிசிசியின் அதிகாரபூர்வப் பதிப்பில் 2017 மே மாதம். லினக்ஸ் கருநிரலில் 2018 ஜனவரி. ஜிலிப்சி என்ற சி நூலகத்தில் 2018 பிப்ரவரி. நான்கும் ஒரே ஆண்டு இடைவெளிக்குள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. சக்திச் சில்லில் லினக்ஸ் ஓடியது அதே 2018 இல்.

இவற்றைக் கட்டும் வரிசையில் ஒரு விடுகதை உண்டு. முழுமையான ஜிசிசியைக் கட்ட ஜிலிப்சி வேண்டும். ஜிலிப்சியைக் கட்ட ஜிசிசி வேண்டும். எது முதலில்? வழி இதுதான்: முதலில் லிங்கரும் அசெம்பிளரும். பிறகு கருநிரலிலிருந்து அறிவிப்புக் கோப்புகள் மட்டும். பிறகு நூலகம் எதையும் நம்பாத, சி மொழி மட்டும் தெரிந்த, அரைகுறை ஜிசிசி ஒன்று. அந்த அரைகுறை ஜிசிசியைக் கொண்டு ஜிலிப்சியைத் தொகுப்பது. ஜிலிப்சி கையில் வந்ததும் அரைகுறையை வீசிவிட்டு, முழு ஜிசிசியைக் கட்டுவது. இவ்வளவும் இன்டெல் வகைக் கணினியிலேயே நடக்கும். இதன் முடிவில் கிடைப்பது கிராஸ் கம்பைலர். அதனிடம் ஜிசிசியின் மூலநிரலையே கொடுத்து ‘இதை ரிஸ்க்-ஃபைவுக்குத் தொகுத்துக் கொடு’ என்றால், ரிஸ்க்-ஃபைவில் ஓடும் ஜிசிசி கிடைக்கிறது. அதைப் புதிய கணினிக்குக் கொண்டுபோனால், அங்கே அது தன் மூலநிரலைத் தானே தொகுக்கும்.

சரியாகத் தொகுத்ததா என்று அறிய ஜிசிசியிலேயே ஒரு சோதனை இருக்கிறது. பழைய கம்பைலர் முதல் நிலைக் கம்பைலரைக் கட்டும். முதல் நிலை இரண்டாவதைக் கட்டும். இரண்டாவது மூன்றாவதைக் கட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மூலநிரலிலிருந்து ஒரே அறிவால் பிறந்தவை. எனவே ஒரு பிட் கூட மாறாமல் ஒத்திருக்க வேண்டும். மாறினால் எங்கோ கோளாறு. கணக்கைச் செய்துமுடித்து விடையைப் போட்டுச் சரிபார்க்கும் பழக்கம் மாணவர்களுக்குப் புதிதன்று.

கம்பைலர் வந்த பிறகும் ஓர் இயங்குதளத்தில் ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் பாக்கி. அவை அத்தனையையும் கிராஸ் கம்பைலரிலேயே தொகுத்துவிடலாமே என்று தோன்றும். நடைமுறையில் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. பல மென்பொருள்கள் தம்மைக் கட்டும்போதே ஒரு சிறு நிரலைத் தொகுத்து, அதை அங்கேயே ஓட்டிப் பார்த்து, அதன் விடையைக் கொண்டு மேலே செல்லும்படி எழுதப்பட்டவை. கட்டும் கணினி ஒன்று, ஓடும் கணினி வேறு என்றால் அந்தச் சிறு நிரல் ஓடாது. அதனால்தான் சீக்கிரமே சொந்தத் தளத்துக்கு மாறிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஃபெடோரா லினக்ஸைக் கொண்டுவர ரெட் ஹாட் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜோன்ஸ் 2016 இல் முனைந்தபோது இந்த வழியைத்தான் பின்பற்றினார். கிராஸ் கம்பைலரால் தேவையான அளவு மட்டும் கட்டி, அதற்குள் நின்று மற்றதைச் சொந்தமாகத் தொகுத்து, இறுதியில் வெளியிலிருந்து வந்த துண்டுகளைக் களைந்துவிடுவது. கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரிப்பது போல. அவ்வளவும் செய்த பிறகு இடையூறு வேறு பக்கமிருந்து வந்தது. ஜிலிப்சி 2018 இல் அதிகாரபூர்வமாக ஏற்ற வடிவம், அதற்கு முன் பயன்பட்ட வடிவத்தோடு ஒத்துப்போகவில்லை. பழைய தொகுப்புகளைத் தள்ளிவிட்டு மீண்டும் அடியிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. குறை சொல்ல இதில் யாருமில்லை. அகராதி அச்சாகும் முன்பே கடிதம் எழுதத் தொடங்குபவருக்கு இது நேரும்.

டெபியன் தன்னார்வலர்களும் அதே 2018 இல் ரிஸ்க்-ஃபைவ் கட்டுமானத்தைத் தொடங்கினர். நிஜமான சில்லுகள் அப்போது அரிது. எனவே பெரும்பகுதி வேலை கியூஎமு என்ற மென்பொருளுக்குள் நடந்தது. அது இன்டெல் கணினிக்குள் ரிஸ்க்-ஃபைவ் கணினி போல நடிக்கும். 2018 பிப்ரவரியில் சைஃபைவ் நிறுவனம் நான்கு கருக்களும் 8 ஜிபி நினைவகமும் கொண்ட ஹைஃபைவ் அன்லீஷ்டு பலகையை 999 டாலர் விலையில் அறிவித்த பிறகு, உண்மையான வன்பொருளிலும் தொகுக்க வழி பிறந்தது. 2023 ஜூலையில் டெபியனின் அதிகாரபூர்வத் தளங்களில் ஒன்றாக ரிஸ்க்-ஃபைவ் ஏற்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13 தான் அதனை உள்ளடக்கிய முதல் நிலையான பதிப்பு. நாற்றங்காலிலிருந்து அறுவடைக்கு ஏழு ஆண்டுகள். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதால், தமிழ்நாட்டுக்கு இந்தப் பதிப்பில் தனி அக்கறை இருக்க நியாயம் உண்டு.

மீண்டும் சென்னை

சக்தி குழுவின் நுண்செயலிகளில் ‘இ’ வகுப்பு சிறு கருவிகளுக்கானது. ‘சி’ வகுப்பு லினக்ஸ் ஓடக்கூடியது. ‘ஐ’ வகுப்பு இன்னும் திறன் மிக்கது. இவற்றுக்கு நிரல் எழுத விரும்பும் மாணவருக்குக் குழு வழங்கும் கருவிகள், இன்டெல் வகைக் கணினியில் உபுண்டு போன்ற இயங்குதளத்தில் நிறுவிக்கொள்ள வேண்டியவை. நிரலை மேசைக் கணினியில் தொகுத்து, கம்பி வழியே சக்திப் பலகைக்கு அனுப்ப வேண்டும். காகித நாடாவுக்குப் பதில் யுஎஸ்பி கம்பி. மற்றபடி தாம்சனின் நடைதான்.

சக்திச் சில்லிலேயே ஜிசிசியைத் தொகுத்தால் என்ன? கொள்கையளவில் தடையில்லை. ஆனால் 180 நானோமீட்டர் போன்ற முதிர்ந்த நுட்பத்தில் வரும் சில்லின் வேகம் நூறு மெகாஹெர்ட்ஸ் அளவில்தான் நிற்கும். ஜிசிசியைப் போன்ற பெரிய நிரலை அதில் தொகுக்க நாள்கணக்கில் காத்திருக்க நேரும். கட்டளைத் தொகுதி ஒன்றே என்பதால், வேகமான வேறு ரிஸ்க்-ஃபைவ் கணினியில் தொகுத்ததைச் சக்தியில் ஓட்டலாம். விரிவாக்கக் கட்டளைகள் இரண்டிலும் ஒத்திருந்தால் போதும். ஊர்ப் பொது மில்லில் அரைத்த மாவை எந்த வீட்டிலும் சமைக்கலாம் என்பதால், வீட்டுக்கு வீடு மில் வைப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் சக்தியின் கதையில் அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு கம்பைலர் உண்டு. அது சில்லில் ஓடும் நிரலைத் தொகுப்பது அன்று, சில்லையே தொகுப்பது. சக்தி நுண்செயலி புளூஸ்பெக் சிஸ்டம் வெரிலாக் என்ற வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழியின் வேர், கான்பூர் ஐஐடியில் படித்து எம்ஐடியில் பேராசிரியராக விளங்கிய அர்விந்தின் ஆய்வுகளில் இருக்கிறது. எழுதிய வடிவமைப்பை ஆலைக்கு ஏற்ற வெரிலாக் வடிவத்துக்கு மாற்றப் புளூஸ்பெக் கம்பைலர் வேண்டும். சக்தியின் வடிவமைப்பு, யாரும் எடுத்து ஆளக்கூடிய பிஎஸ்டி உரிமத்தில் வெளியிடப்பட்டது. ஆனால் அதைப் படித்து வெரிலாக் ஆக்கும் கம்பைலர் பல ஆண்டுகள் ஒரு வணிக நிறுவனத்தின் மூடிய சரக்காகவே இருந்தது. திறந்த புத்தகம், ஆனால் அதைப் படிக்க வாடகைக் கண்ணாடி. 2020 ஜனவரியில் புளூஸ்பெக் கம்பைலரும் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட பிறகுதான் இந்த முரண் தீர்ந்தது.

தீர்ந்தது என்பதிலும் ஒரு சிறு வால் உண்டு. புளூஸ்பெக் கம்பைலர் எழுதப்பட்டது ஹாஸ்கெல் மொழியில். ஹாஸ்கெல்லைத் தொகுக்கும் ஜிஹெச்சி கம்பைலர் எழுதப்பட்டதும் ஹாஸ்கெல்லில். அதுவும் உறை மோர்க் குடும்பம்தான். ஜிஹெச்சியில் ரிஸ்க்-ஃபைவ் பொறிமொழியை நேரடியாகத் தரும் பகுதி 2024 டிசம்பரில் வந்த 9.12 பதிப்பில்தான் சேர்ந்தது.

உறை மோரில் கலப்படம் இருந்தால்?

ஒரு நாடு தன் நுண்செயலியைத் தானே வடிவமைக்க விரும்புவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதன்மையானது பாதுகாப்பு. பிறர் செய்த சில்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று அறிய முடியாது என்பது அச்சம். கம்பைலருக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு, யுனிக்ஸை உருவாக்கிய அதே கென் தாம்சன் 1984 இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் விடை சொன்னார். கம்பைலருக்குள் ஒரு திருட்டு வேலையை வைக்கலாம்: கடவுச்சொல் கேட்கும் நிரலைத் தொகுக்கும்போதெல்லாம் அதில் ஒரு கள்ளச் சாவியைச் சேர்த்துவிடு. கம்பைலரின் மூலநிரலைப் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவாரே? அதற்கு இரண்டாவது வேலை: கம்பைலரைத் தொகுக்கும்போது இந்த இரண்டு வேலைகளையும் புதிய கம்பைலருக்குள் சேர்த்துவிடு. அதன் பிறகு மூலநிரலிலிருந்து அந்த வரிகளை அழித்துவிடலாம். மூலநிரல் சுத்தமாக இருக்கும்; திருட்டு மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறிமொழி வழியே தொடரும்.

மேலே சொன்ன மூன்று நிலைச் சோதனை இதைப் பிடிக்காது. இரண்டாம் நிலையும் மூன்றாம் நிலையும் ஒரே கலப்படத்தோடு அழகாக ஒத்துப்போகும். வேறு ஒரு கம்பைலரைக் கொண்டு தொகுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை டேவிட் வீலர் 2005 இல் முன்வைத்து, 2009 இல் முனைவர் பட்ட ஆய்வாக விரித்தார். இன்னொரு கூட்டத்தார் வேருக்கே போனார்கள். மனிதர் கண்ணால் ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சரிபார்க்கக்கூடிய அளவுக்குச் சிறிய ஒரு பொறிமொழி விதையிலிருந்து தொடங்கி, படிப்படியாக அசெம்பிளர், சிறு சி கம்பைலர், பிறகு ஜிசிசி வரை எழுப்புவது அவர்கள் நோக்கம். குனூ கீக்ஸ் திட்டம் 2023 ஏப்ரலில் இதை நிறைவேற்றிக் காட்டியது. அந்த விதையின் அளவு 357 பைட். ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். அந்த விதை ஓட ஒரு லினக்ஸ் கருநிரல் முன்பே இருக்க வேண்டும் என்பதையும் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

சொந்த அகராதி எழுதியவர்கள்

பொது அகராதியை ஏற்றால் பொதுக் கம்பைலர் கிடைக்கும் என்பது சக்தியின் வழி. இந்தியாவிலேயே இதற்கு நேர் எதிர் வழியில் சென்றவர்களும் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வடிவமைத்த விக்ரம் 1601 என்னும் 16 பிட் நுண்செயலி, 2009 முதல் இஸ்ரோவின் ஏவூர்திகளில் வழிகாட்டும் பணியில் இருக்கிறது. அதன் அடுத்த தலைமுறையான 32 பிட் விக்ரம் 3201, மொகாலி ஆலையில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரானது. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பிஎஸ்எல்வி-சி60 ஏவூர்தியின் போயம்-4 மேடையில் அது விண்வெளியில் சோதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் முதல் தொகுதிச் சில்லுகள் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டன.

விக்ரம் 3201 இன் கட்டளைத் தொகுதி அவர்களே வகுத்தது. அந்த அகராதியைப் பெர்க்லியும் அறியாது, ஜிசிசியும் அறியாது. எனவே கருவித்தொடர் முழுவதையும் இஸ்ரோவே எழுத வேண்டியிருந்தது. அடா மொழிக்கான கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சில்லு போல நடிக்கும் சிமுலேட்டர், நிரல் எழுதும் சூழல் ஆகிய அனைத்தும் உள்ளேயே உருவாக்கப்பட்டன. பிழைக்கு இடம் தராத வகையில் நிரலைக் கண்டிப்பாகச் சோதிக்கும் மொழி என்பதால் விமானங்களிலும் ஏவூர்திகளிலும் அடாவுக்கு நெடுநாள் மதிப்பு உண்டு. சில்லை வடிவமைத்தவர்களுக்குக் கிடைத்த பாராட்டில் ஒரு பங்கு, பெயர் தெரியாத இந்தக் கம்பைலர் எழுத்தாளர்களுக்கும் சேர வேண்டும். ஏவூர்தியின் கணினி தன் கம்பைலரைத் தானே தொகுக்கப் போவதில்லை. அதற்கு அந்த வேலையும் இல்லை. அதன் நிரல் எப்போதும் தரையிலுள்ள வேறொரு கணினியில் தொகுக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, ஏற்றி அனுப்பப்படும்.

அதே நாளில் ஒப்படைக்கப்பட்ட கல்பனா 3201 என்ற இன்னொரு சில்லுக்கு இஸ்ரோ வேறு முடிவை எடுத்திருந்தது. அது ஸ்பார்க் வி8 என்ற, உலகம் அறிந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவது. திறந்த மூலக் கருவிகளோடு ஒத்துப்போவது. ஒரே நிறுவனம், ஒரே ஆலை, ஒரே நாள், இரண்டு வழிகள். விக்ரம் 3201 க்குச் சி மொழிக் கம்பைலரும் உள்ளேயே உருவாகி வருவதாக அன்றைய அறிவிப்பு தெரிவித்தது.